அழுகையை வாங்கிக்கொண்ட கட்டடம்

நில அதிர்வுக்கு ஆடாமல் நிற்கக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து, பவளம் குடியிருப்பு தனக்குள் இருந்த மனுஷர்களையும் ஆடவிடாமல் பிடித்துக்கொண்டது. இதற்கு வாய் பிளந்து நிற்க அங்கே யாருக்கும் நேரம் இல்லை. போர்ட் பிளேரில், ஜங்லிகாட்டுக்கு மேலே, கடலைப் பார்த்த மேட்டில் ஐந்து மாடியாக நிற்கிற கட்டடம் அது. கீழே தண்ணீர் மோட்டார் ரிப்பேர், மேலே மழை ஒழுகல், நடுவில் யார் வண்டியை யார் இடத்தில் நிறுத்தினார்கள் என்ற ஓயாத சண்டை, இத்தனைக்கும் ஊடே சுவர் மனுஷ நடுக்கத்தை வாங்கிக்கொள்கிறது என்றால், சரி, வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

முதலில் கண்டுபிடித்தவர் அய்யாத்துரை. துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர், குடியிருப்புச் சங்கத்துக்குச் செயலாளர், வலது கை நடுக்கத்தால் சட்டை முன்புறம் எப்போதும் டீக்கறையோடு திரிகிறவர். ஒருநாள் காலை முழு டம்ளர் டீயையும் ஒரு சொட்டு சிந்தாமல் குடித்து முடித்தவர், சந்தேகம் தாளாமல் இன்னொரு டம்ளரை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, கேட்டுக்கு வெளியே நின்று குடித்துப் பார்த்தார், சட்டையெல்லாம் டீ. உள்ளே வந்து குடித்தார், சிந்தவில்லை. உள்ளே ஒரு கால் வெளியே ஒரு கால் வைத்துக்கொண்டு குடித்தார், பாதி சிந்தியது. இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த வாட்ச்மேன், "என்னா சார், டீ சரியில்லையா?" என்று மட்டும் கேட்டான்.

அதன் பிறகு அது எல்லாருக்கும் வழக்கமாகிவிட்டது. குளிர்காய்ச்சலில் பல் தந்தியடிக்கிறவர்கள் அங்கே வந்து படுத்தால் பல் அடிப்பது நின்றது. பெண்டாட்டியை அடிக்கக் கை ஓங்கினவனுக்குக் கோபத்தில் துடித்த கை துடிப்பு அடங்கித் தொங்கிப்போக, அவன் என்ன செய்வதென்று தெரியாமல் அந்தக் கையாலேயே தலையைச் சொறிந்துகொண்டான். வெளியிலிருந்து ஆட்கள் ஊசியில் நூல் கோக்க வந்தார்கள், கையெழுத்துப் போட வந்தார்கள், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகள்கூடப் பேச்சு குழறாமல் இருக்க இங்கேயே பெண்ணை வரச்சொன்னார்கள். அய்யாத்துரை செயலாளர் அல்லவா, வெளியாட்கள் சாயந்தரம் மட்டும் வரவேண்டும், செருப்பை வரிசையாக விடவேண்டும், மாப்பிள்ளைகளுக்கு முன்னுரிமை கிடையாது என்று கேட்டில் எழுதித் தொங்கவிட்டார்.

இதையெல்லாம் செய்து வைத்தவன் மூன்றாம் மாடியில் இருந்த மங்களேஸ்வரியின் ஒரே மகன் திருமேனி. ராமநாதபுரத்துப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு இந்தத் தீவுக்கு வந்த அவன் அப்பா காளிமுத்து, கடல் ஊருக்குள் வந்த வருஷத்துப் பெரிய நடுக்கத்தில், வாடகை வீட்டின் சுவர் சரிந்து அதன் கீழேயே போய்விட்டார். அப்போது மேல்சட்டைகூடப் போடத் தெரியாத பையன் திருமேனி. சுவர் ஏன் விழுந்துச்சு, சுவர் ஏன் விழுந்துச்சு என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான், மங்களேஸ்வரி பதில் சொல்லத் தெரியாமல் பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆக்கி அவனைப் படிக்க வைத்தாள், அவன் அந்தக் கேள்வியையே பெரிய படிப்பாகப் படித்து முடித்துவிட்டு ஊர் திரும்பினான்.

திரும்பி வந்தவன் சங்கத்தாரைப் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்து, கட்டடத்தின் ஒவ்வொரு மாடியிலும் அசைவை அறியும் கருவிகளைப் பதித்தான், தூண்களுக்கு இடையே குறுக்காக எண்ணெய் நிரப்பிய உருளைகளைப் பூட்டினான், மொட்டைமாடியில் இரும்புப் பாதை போட்டு அதன்மேல் பெரியதொரு இரும்பு எடையை நிறுத்தினான். கட்டடம் இந்தப் பக்கம் சாய்ந்தால் எடை அந்தப் பக்கம் நகரும்; கட்டடம் ஆட வேண்டியதை அது ஆடித் தீர்க்கும். பிள்ளைகள் அதற்கு யானை என்று பெயர் வைத்தார்கள், பெரியவர்கள் அதற்குச் சந்தனம் தடவிப் பொட்டு வைத்தார்கள், திருமேனி சிரித்துக்கொண்டே பாதையில் சந்தனம் ஒழுகாமல் துடைத்துவிட்டான்.

யானையை நடத்தும் மூளை கீழ்த்தளத்தில் மின்சார மீட்டர் பக்கத்தில் ஒரு பெட்டிக்குள் இருந்தது. அதற்கு அவன் எண்களாகப் பாடம் சொல்லவில்லை, மனுஷர் பேசும் சொல்லாகவே சொல்லிக் கொடுத்தான். ஆட்டம் கொஞ்சம், ஆனால் கூடிக்கொண்டு வருகிறது என்றால் சுமாராகப் பிடி. ஆட்டம் கொஞ்சம், அதுவும் அடங்கி வருகிறது என்றால் மெல்லப் பிடி. ஆட்டம் ரொம்ப என்றால் எதிர்த்து நிற்காதே, விட்டுக்கொடுத்து நீயும் சேர்ந்து ஆடு, இல்லாவிட்டால் ஒடிந்துபோவாய். இதற்கு ஃபஸி லாஜிக் என்று பெயர் என்றான். சங்கக் கூட்டத்தில் அய்யாத்துரை எழுந்து, "எவ்வளவு ஆடினா கொஞ்சம், எவ்வளவு ஆடினா ரொம்ப? நடுவுல ஒரு கோடு வேணாமா தம்பி?" என்று கேட்டார்.

"கோடு போடுறதுதான் சார் தப்பு. கோட்டுக்கு ஒரு நூலு கீழ இருந்தா மெஷின் தூங்கும், ஒரு நூலு மேல போனா உதைக்கும். கொஞ்சம் எங்க முடியுது, ரொம்ப எங்க தொடங்குதுன்னு மனுசனுக்கே தெரியாது. அதுக்கும் தெரிய வேணாம்" என்றான் திருமேனி.

கோடு என்றால் என்னவென்றே தெரியாமல் வளர்ந்த அந்தப் பெட்டி, மண்ணின் நடுக்கம் எங்கே முடிகிறது, மண்மேல் நிற்கிறவரின் நடுக்கம் எங்கே தொடங்குகிறது என்பதற்கு மட்டும் எப்படிக் கோடு போடும்? அது எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. சத்துணவுக்கூடத்தில் நின்று நின்று தளர்ந்துபோன அம்மாவின் முழங்கால் நடுங்காமல் இருப்பதைப் பார்த்து மகனுக்குத்தான் எல்லாரையும்விடச் சந்தோஷம்.

அந்த மழைக்காலத்தில் ஒருநாள் காலை, கப்பல் ஜெட்டிக்கு இறங்குகிற வளைவில், திருமேனியின் பைக்கும் எதிரே வந்த ஒரு லாரியும் மோதிக்கொண்டன. மதியத்துக்குள் அவனை வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்திவிட்டார்கள்.

பெண்கள் வந்தார்கள். இரண்டாம் மாடி செய்யதம்மாள்தான் முதலில் ஓடி வந்தவள், இவளும் ராமநாதபுரத்துக்காரி, மங்களேஸ்வரியோடு இருபது வருஷமாகக் கறிவேப்பிலையும் கோபதாபமும் மாற்றிக்கொள்கிறவள். பின்னாலேயே தெருப்பெண்கள் எல்லாம் தலைவிரிகோலமாக வந்து உடலைச் சுற்றி உட்கார்ந்து, ஒருத்தி தோளில் ஒருத்தி கைபோட்டு, முன்னும் பின்னும் ஆடி ஒப்பாரியைத் தொடங்கினார்கள். மங்களேஸ்வரியின் அடிவயிற்றிலிருந்து ஒரு விம்மல் கிளம்பியது, அவள் உடம்பு முழுக்க அதற்குத் தயாரானது. அப்போது தரை, மிகவும் மெதுவாக, மிகவும் அன்பாக, கீழிருந்து அதற்கு எதிராக அழுத்தியது. விம்மல் நெஞ்சுவரை வந்து அடங்கியது. அடுத்தது தொண்டைக்கு வரும் முன்பே அடங்கியது. சுற்றி இருந்த பெண்களின் ஆட்டமும் நின்றுபோனது, "ராசா, எஞ்செல்லமே" என்று அவர்கள் பாடிய வரிகள் ரேடியோவில் வானிலை அறிக்கை வாசிப்பது போல ஏற்ற இறக்கமில்லாமல் வெளியே வந்தன, அவர்களுக்கே அது வெட்கமாக இருந்ததால் ஒவ்வொருத்தியாகப் பாடுவதை நிறுத்திவிட்டார்கள்.

அவர்கள் வழக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை, வாசலோடு நின்றுவிட வேண்டும். ஆகவே கேட்டுக்கு வெளியே பாடை போனபோது மங்களேஸ்வரி கேட்டுக்கு உள்ளே நின்றாள். இரண்டு அடி எடுத்து வைத்திருந்தால் வெளியே போயிருப்பாள், அழுதிருப்பாள். அந்த நேரத்தில் அது யாருக்கும் தோன்றவில்லை, தோன்றியிருந்தாலும் அந்த இரண்டு அடியை எடுத்துவைக்க யாரும் விட்டிருக்கமாட்டார்கள். பிள்ளை வளைவில் திரும்பி மறைந்தான், அவள் கண்ணில் நீர் வழிந்தது, உடம்பு மட்டும் கட்டிப்போட்டது மாதிரி அசையாமல் நின்றது.

"பெத்தவளா இவ? கல்லு" என்று யாரோ சொன்னார்கள். யார் சொன்னது என்று செய்யதம்மாள் திரும்பிப் பார்த்த பார்வையில் கூட்டம் கலைந்தது.

அன்று மாலைதான் மொட்டைமாடியில் யானை ஆடத் தொடங்கியது. மண்ணில் ஒரு அசைவும் இல்லை, காற்றும் இல்லை, அது பாட்டுக்கு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்ப் போய் வந்தது. சக்கரங்கள் இரும்பில் உராய்ந்து எழுந்த ஓசை ஐந்து மாடிக்கும் கேட்டது. நேரம் போகப்போக ஆட்டம் நின்றுவிடும் என்று நினைத்தார்கள், நிற்கவில்லை. மறுநாளும் ஆடியது, பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகும் ஆடியது. கீழே மங்களேஸ்வரி சோறு பொங்கினாள், துணி அலசினாள், துக்கம் கேட்க வந்தவர்களுக்கு மோர் கொடுத்தாள். அவள் மகன் பெயரை யாராவது எடுக்கும்போதெல்லாம் மேலே சக்கரச் சத்தம் கூடியது.

குடியிருப்பு அதற்கும் பழகிக்கொண்டது. கைக்குழந்தைகளை அந்த ஓசையில் தூங்க வைத்தார்கள், பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்கள், மொட்டைமாடியில் வடாம் காயப்போட்டவர்கள் யானையின் பாதையை விட்டுத் தள்ளிக் காயப்போட்டார்கள். மங்களேஸ்வரிக்கு மட்டும் பழகவில்லை. தினமும் வெயில் தாழ்ந்ததும் மேலே ஏறிப் போய், ஓரத்தில் உட்கார்ந்து, அது போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு அதன்மேல் பொறாமையாக இருந்தது. ஒருநாள் செய்யதம்மாளிடம் வாய்விட்டே சொன்னாள்.

"எம்புள்ளைக்கு நாந்தான அழுவணும் செய்யது? அது யாரு அழுவ? அது பெத்துச்சா, அது வளத்துச்சா?"

செய்யதம்மாள் அவளை ஆட்டோவில் ஏற்றி ஜெட்டி வளைவுக்கே கூட்டிப்போனாள். பிள்ளை விழுந்த இடத்தில் நிறுத்தி, "இங்க எந்தச் சுவரும் இல்ல, எந்த எழவு மெசினும் இல்ல. அழுதுருடி" என்றாள். மங்களேஸ்வரி நின்றாள். லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின, மழைத்தண்ணீர் சாக்கடையில் இறங்கியது, வெகுநேரம் நின்றும் ஒன்றும் வரவில்லை.

"வரல செய்யது. உள்ள ஒண்ணுமில்ல. தொடச்சு எடுத்த பானையாட்டம் இருக்கு" என்றாள். அங்கிருந்து பார்த்தால் மேட்டில் பவளம் குடியிருப்பின் உச்சி தெரிந்தது, யானை போய்வந்துகொண்டிருந்தது. அவளிடமிருந்து எடுத்துக்கொண்டதை அது திருப்பித் தரவில்லை.

கொஞ்ச நாளில் ஒரு சின்ன நில அதிர்வு வந்தது. தீவில் அப்படி வருவது புதிதில்லை, அதுவும் பாத்திரம் கிணுகிணுக்கிற அளவுக்குத்தான். ஆனால் ஏற்கனவே தன் பாதை முழுக்க ஆடிக்கொண்டிருந்த யானைக்கு மேற்கொண்டு ஆட இடமில்லை, கோடியில் போய் டங் என்று மோதியது, இரண்டாம் மாடி ஜன்னல் மேலே ஒரு விரிசல் ஓடியது. பெரிதாக ஒன்று வந்தால் என்ன ஆகும் என்று அன்றைக்கு எல்லாருக்கும் விளங்கிவிட்டது. கீழ்த்தளத்தில் சங்கம் கூடியது. பெட்டியைக் கழற்றிவிட்டு, கோடு போட்டு வேலை செய்யும் பழைய மாதிரி எந்திரத்தை வைப்போம், மண்ணுக்கு மட்டும் அசையும், மனுஷருக்கு அசையாது என்றார்கள் பலர். மங்களேஸ்வரி எழுந்து நின்றாள்.

"அதுக்குள்ள இருக்குறது அவன் சொன்ன பேச்சு. அவன் பேச்சுல மிச்சம் அது ஒண்ணுதான். அதையும் அழிச்சிப்புடாதீக" என்றாள்.

அய்யாத்துரை எழுந்து, "தாயி, பிள்ளைகுட்டி இருக்கிற கட்டடம்" என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அழிக்காமல் திருத்த முடியுமா என்று கேட்டுப் பார்ப்போம் என்று அவர்தான் திருமேனியோடு ஒன்றாகப் படித்த ஜெனோவாவுக்குப் போன் போட்டார். நாகர்கோவில்காரப் பெண், வருகிறேன் என்று மட்டும் சொன்னாள், அடுத்த கப்பலில் வந்து இறங்கினாள்.

ஜெனோவா பெட்டியைத் திறந்து தன் லேப்டாப்பை மாட்டி, உள்ளே இருந்ததைப் பொறுமையாகப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் மாறியது. மேலே மங்களேஸ்வரியின் வீட்டுக்கு வந்து, தண்ணீர்கூட வாங்கிக்கொள்ளாமல் கேட்டாள்.

"அம்மா, எவ்வளவு ஆடினா கொஞ்சம், எவ்வளவு ஆடினா ரொம்பன்னு அவன் யாரை நிக்க வச்சுப் பார்த்தான்?"

"என்னையத்தான்" என்றாள் மங்களேஸ்வரி.

விஷயம் இப்படி. அந்தச் சொற்களுக்கு அளவு வேண்டும் என்பதற்காகத் திருமேனி மோட்டார் வைத்து ஆட்டுகிற ஒரு பலகையைச் செய்து, குடியிருப்பில் இருந்தவர்களை ஒவ்வொருவராக ஏறி நிற்கச் சொன்னான். கடல் வந்த வருஷத்தைப் பார்த்த ஊர் அது. காலுக்குக் கீழே தரை ஆடுவது என்றால் என்ன என்று உடம்பால் தெரிந்த ஒருவரும் ஆடுகிற பலகையில் தானாக ஏறி நிற்கச் சம்மதிக்கவில்லை. அய்யாத்துரை பலகையைப் பார்த்ததுமே முதுகுவலி என்று படுத்துவிட்டார். கடைசியில் பிள்ளை முகம் வாடுவதைப் பொறுக்காமல் அம்மாதான் ஏறினாள். ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள், அவன் மோட்டாரைக் கூட்டிக் கூட்டிக் கேட்டான், அவள் புருஷன் மேல் சுவர் விழுந்த காலை அவள் கண்முன் வந்து நின்றது, ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அவள் சொன்னது ஒன்றுதான்: கொஞ்சந்தான்ப்பா. அலமாரியிலிருந்து டம்ளர் உருண்டு விழுந்தபோதும், கொஞ்சந்தான்ப்பா. காய்ச்சலில் கிடந்தபோதும், சத்துணவுக்கூடத்தில் கொதிநீர் காலில் கொட்டியபோதும், தாலி கழற்றிய நாளிலும் அவனிடம் அவள் சொன்னதும் அதுதான். வலிக்குதாம்மா என்று அவன் கேட்டு, ஆமாம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அவனும் அம்மா சொன்னதை நம்பி அப்படியே எழுதிக்கொண்டான்.

"அவன் போட்ட விதியெல்லாம் சரி. ரொம்ப ஆடினா விட்டுக்கொடுன்னு எழுதியிருக்கான். ஆனா ரொம்ப ஆடுறதுன்னா என்னன்னு அதுக்கு யாரும் சொல்லவே இல்ல அம்மா. எது வந்தாலும் கொஞ்சம்னு நினைச்சு அமுக்குது. உங்களுக்கு வந்ததையும் கொஞ்சம்னுதான் நினைக்குது" என்றாள் ஜெனோவா.

மங்களேஸ்வரி சுவரில் சாய்ந்துகொண்டாள். அந்தக் கட்டடம் கெட்டது இல்லை, அவளை நம்பியிருக்கிறது. அது அவளுக்கு மற்ற எல்லாவற்றையும்விட வலித்தது.

பலகை கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. மறுநாள் காலை அதை இழுத்துக் கூடத்தில் போட்டார்கள். செய்தி கேட்டு ஐந்து மாடியும் அந்த வீட்டு வாசலிலும் படிக்கட்டிலும் வந்து நின்றது. மங்களேஸ்வரி ஏறி நின்றாள், கீழே பெட்டியைத் தலையிடாதபடி அணைத்து வைத்துவிட்டு ஜெனோவா மோட்டாரைப் போட்டாள்.

"எவ்வளவு அம்மா?"

"கொஞ்சம்."

இன்னும் கூட்டினாள். கூடத்து நாற்காலி இடம் நகர்ந்தது.

"இப்போ?"

"கொஞ்சந்தாந்தாயி."

"பொய் சொல்லாதடி!" என்று செய்யதம்மாள் வாசலிலிருந்து கத்தினாள். "காலு நடுங்குது, மூஞ்சி வெளுத்துருச்சு, யாருக்குடி மறைக்கிற? மறைக்க வேண்டிய புள்ள போயிட்டான்டி!"

மங்களேஸ்வரி வாயைத் திறந்தாள். பழக்கம் லேசில் விடுமா, அந்தச் சொல்லேதான் மறுபடி நாக்கு நுனிக்கு வந்தது. ஜெனோவாவுக்கு என்ன தோன்றியதோ, மோட்டாரை நிறுத்திவிட்டாள். பலகை அசைவில்லாமல் கிடந்தது. பெட்டியை அணைத்தும் ஓயாத யானையின் சக்கர ஓசை மட்டும் மேலிருந்து கேட்டது. ஜெனோவா எழுந்து அருகே வந்து, அவள் கையைத் தொடாமல், மெதுவாகக் கேட்டாள்.

"இப்போ எவ்வளவு அம்மா?"

அசையாத பலகையை மங்களேஸ்வரி குனிந்து பார்த்தாள். அவள் கால் இரண்டும் அதன்மேல் இருந்தன.

"ரொம்ப" என்றாள். பிறகு, அந்தச் சொல்லை வாழ்நாளில் முதல்தடவையாகச் சொல்கிறவள் என்பதால், சரியாகத்தான் சொன்னோமா என்பது போல இன்னொரு தடவை சொன்னாள். "ரொம்பத் தாயி. தாங்க முடியல. என்னால தாங்கவே முடியல."

ஜெனோவா அதை அப்படியே பதிந்துவிட்டு, கீழே ஓடிப்போய்ப் பெட்டியைப் போட்டாள்.

மேலே யானை தயங்கியது. பாதையின் நடுவுக்கு வந்து நின்றது. அது இத்தனை நாளும் தூக்கிச் சுமந்ததெல்லாம் தூண் வழியாக, சுவர் வழியாக இறங்கி மூன்றாம் மாடிக்கு வந்தது, இந்த முறை தரை எதிர்த்து அழுத்தவில்லை, விட்டுக்கொடுத்தது. மங்களேஸ்வரி அழுதாள். "எய்யா, என்னப் பெத்த ராசா" என்று அவள் பலகையின் மேலேயே மடங்கி விழுந்து அழுதபோது கட்டடம் அவளோடு சேர்ந்து முன்னும் பின்னும் ஆடியது, ஐந்து மாடியிலும் விளக்குகள் ஊஞ்சலாடின, அடுக்களைகளில் தட்டுகள் ஒன்றோடொன்று மோதின. செய்யதம்மாள் ஓடிவந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், படியில் நின்ற பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டார்கள், பாதியில் விட்ட ஒப்பாரியை விட்ட வரியிலிருந்து எடுத்துப் பாடினார்கள். சாயந்தரம்வரை அந்தக் கட்டடம் ஆடியது. ஒரு சுவர்கூட விரிசல் விடவில்லை.

அதன் பிறகு ஜெனோவா, மங்களேஸ்வரி நின்றதைப் பார்த்துச் சம்மதித்த மற்றவர்களையும் பலகையில் நிற்கவைத்து அளவெடுத்துக்கொண்டு ஊருக்குப் போனாள். யானை மண்ணுக்காகத் தன் இடத்தில் காத்திருக்கிறது. சின்ன நடுக்கங்களை இப்போதும் சுவர் வாங்கிக்கொள்கிறது, வெளியாட்கள் இப்போதும் ஊசியில் நூல் கோக்க வருகிறார்கள். எப்போதாவது, பெரும்பாலும் மழை பிடித்துக்கொள்கிற மாசங்களில், ஒரு காரணமும் இல்லாமல் கட்டடம் முழுக்க ஆடும். புதிதாகக் குடிவந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடுவார்கள். போன வாரம் ஐந்தாம் மாடிக்கு வந்த ஒரு பெண்ணும் அப்படித்தான், கைக்குழந்தையும் கலைந்த தலையுமாக இறங்கி ஓடிவந்து, இரண்டாம் மாடியில் கதவைத் திறந்து போட்டுச் சமைத்துக்கொண்டிருந்த செய்யதம்மாளைப் பார்த்து, "அக்கா, நிலநடுக்கம்! வெளிய வாங்க!" என்று கத்தினாள்.

"நடுக்கமில்லத்தா. மேல ஒருத்தி மகனுக்கு அழுவுறா" என்றாள் செய்யதம்மாள்.

"எப்ப நிக்கும்?"

"அவ அழுது முடிச்சாத்தான்."

ஆடுகிற உலைப்பானையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் அடுப்பை அணைத்தாள். பிறகு மாடிப்படிக் கம்பியைப் பிடித்தபடி மூன்றாம் மாடிக்கு ஏறினாள்.